கொடுங்கையூர் போய்ச் சேராத நீர்

கழிவுநீர் சுத்திகரிப்பு என்றதும் வடசென்னையில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொடுங்கையூர். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று நகரின் பழைய வடபகுதி முழுவதும் சமையலறையிலும் குளியலறையிலும் கழிப்பறையிலும் பயன்படுத்தி வெளியேற்றும் நீர், தெருக்களுக்கு அடியில் ஓடும் குழாய்களின் வழியே அங்கேதான் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. அங்குள்ள நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு நாளொன்றுக்கு 27 கோடி லிட்டர் என்று பல ஆண்டுகளாகக் குறிக்கப்பட்டு வந்திருக்கிறது. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி மேலும் தூய்மையாக்கப்பட்டு மணலித் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அப்படியிருந்தும் ஓட்டேரி நல்லா என்ற ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்ஹாம் கால்வாயின் வடபகுதியும், ஒரு சொட்டு மழை பெய்யாத ஏப்ரல், மே மாதங்களிலும் கருநீரைத் தாங்கி நிற்கின்றன. மழை இல்லாத மாதத்தில் மழைநீர்க் கால்வாயில் நிற்கும் நீர் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் வந்த நீராகத்தான் இருக்க முடியும். உலகத் தரத்தில் ஒரு சுத்திகரிப்பு ஏற்பாடும், சில கிலோமீட்டர் தொலைவுக்குள் சாக்கடையாகிப்போன கால்வாய்களும் எப்படி ஒரே ஊரில் சேர்ந்திருக்க முடிகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரின் பாதாளச் சாக்கடை வலைப்பின்னல் 1910ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1961இல், நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று அன்றைய பொறியாளர்கள் கணித்தார்கள். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது ஏறத்தாழ 114 லிட்டர் நீர் வெளியேறும் என்று கொண்டு குழாய்களின் விட்டத்தை முடிவு செய்தார்கள். 1961இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் அதிகம். கணிப்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். பிறகு நகரம் ஐந்து கழிவுநீர் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது; புதிய குழாய்கள் பதிக்கப்பட்டன; 1978இல் சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம், மக்கள் வழக்கில் மெட்ரோவாட்டர், உருவானது. ஆனாலும் பழைய வடசென்னையின் குறுகிய தெருக்களில் அந்த முதல் வலைப்பின்னலின் தடம் இன்னமும் மறையவில்லை. ஒரு குடும்பம் இருந்த மனையில் மூன்று மாடி எழும்பி ஆறு குடும்பங்கள் குடியேறும்போது, வீட்டின் முகம் மாறிவிடுகிறது. வாசலுக்கு அடியில் கிடக்கும் குழாய் மாறுவதில்லை.

1910 என்ற ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்க வேண்டும். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அதில் வாழும் நுண்ணுயிர்களைப் பெருக்கி, அவற்றைக்கொண்டே அழுக்கைத் தின்னவைக்கும் முறை, இன்று கொடுங்கையூர் உட்பட உலகின் பெரும்பாலான பெருநகரங்களில் நடைமுறையில் உள்ள முறை, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவரால் 1914இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகவே சென்னையின் சாக்கடை வகுக்கப்பட்ட காலத்தில், வீட்டிலிருந்து நீரை அப்புறப்படுத்திக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய் விடுவதே முதன்மையான குறிக்கோளாக இருந்தது. சுத்திகரிப்பு என்பது பிற்காலத்தில் அந்த வலைப்பின்னலின் நுனியில் ஒட்டவைக்கப்பட்ட ஒன்று. இடையில் ஒரு காலம், கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்க்கும் பண்ணைகளும் இருந்தன. அப்புறப்படுத்துவதே போதும் என்ற அந்தப் பழைய எண்ணம் பொறியியலைவிட்டு நீங்கிவிட்டது. நிர்வாகத்தின் பழக்கத்திலிருந்து அது முழுவதும் நீங்கவில்லை என்பதே என் கருத்து.

கழிவுநீர் குழாயில் ஓடுவதற்கு அழுத்தம் தேவையில்லை, சரிவு தேவை. குடிநீர்க் குழாயைப் போல அது நிரம்பி ஓடுவதும் இல்லை. பாதி நிரம்பிய நிலையில், தன் எடையால் தானே சரிந்து ஓட வேண்டும். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டருக்குக் குறைந்தால் அதில் மிதந்துவரும் மணலும் கசடும் அடியில் படிந்துவிடும். அந்த வேகம் வர வேண்டுமானால் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள தெருக் குழாய்க்கு 170 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் சரிவு கொடுக்க வேண்டும். மலைச்சரிவில் அமைந்த ஊருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வடசென்னையோ கடலை ஒட்டிய சமவெளி. தரை மட்டம் பல இடங்களில் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயர்ந்திருக்கிறது. சமதரையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு மேற்சொன்ன சரிவில் குழாய் பதித்தால், தொடங்கிய இடத்தைவிட ஏறத்தாழ ஆறு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். கையெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர் ஊறும் மணற்பாங்கான மண்ணில் அவ்வளவு ஆழம் தோண்டுவது கடினம். தோண்டினாலும் அதற்கும் கீழே போக முடியாது. ஆகவே குழாய் ஆழமாகிக்கொண்டே வரும் இடத்தில் ஒரு கிணறு கட்டி, அங்கே சேரும் நீரைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, அடுத்த குழாயில் விட வேண்டியிருக்கிறது. அதுவே கழிவுநீர் உந்து நிலையம். சென்னை முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட உந்து நிலையங்கள் இருப்பதற்கு இந்தத் தட்டையான நிலமே காரணம்.

ராயபுரத்தில் ஒரு வீட்டிலிருந்து புறப்படும் நீர் கொடுங்கையூரை அடைவதற்குள் ஒன்றுக்கும் மேற்பட்ட உந்து நிலையங்களில் ஏறி இறங்க வேண்டியிருக்கலாம். அவற்றில் ஏதேனும் ஒன்றில் மின்சாரம் நின்றாலோ, மோட்டார் பழுதானாலோ, அதற்கு முந்தைய குழாய்களில் நீர் தேங்கத் தொடங்கும். தேங்கிய நீர் வெளியேற இடம் தேடும். அந்தப் பகுதியிலேயே தாழ்வான தெருவின் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரே தெரு மறுபடி மறுபடி பாதிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். அத்தெருவாசிகள் குப்பையைக் கொட்டி அடைத்துவிட்டார்கள் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் கோளாறு அவர்கள் வாசலில் தொடங்கியதாக இருக்காது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தொடங்கி, பள்ளமான அவர்கள் வாசலில் வந்து தலைகாட்டியிருக்கும்.

தேங்கும் நீருக்கு இன்னொரு விளைவும் உண்டு, அது மெதுவானது. ஆக்சிஜன் இல்லாத நீரில் வாழும் நுண்ணுயிர்கள், கழிவிலுள்ள கந்தகச் சேர்மங்களை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் அறிவது இந்த வாயுவையே. நீருக்கு மேலே குழாயின் உட்கூரையில் ஈரம் படிந்திருக்கும். அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் இந்த வாயுவைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கான்கிரீட்டை அரிக்கிறது. குழாயின் அடிப்பகுதி நல்ல நிலையில் இருக்க, மேற்பகுதி மட்டும் ஆண்டுக்கணக்கில் மெலிந்துகொண்டே வந்து, ஒருநாள் மேலே போகும் லாரியின் பாரம் தாங்காமல் உடைகிறது. செய்தித்தாளில் சாலை திடீரென உள்வாங்கியது என்று வரும் செய்திகள் பலவற்றின் பின்னணி இதுதான். வெப்பமான ஊரில், சரிவு குறைவான குழாயில், இந்த அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். சென்னைக்கு இரண்டும் பொருந்தும்.

அதே வாயு மனிதரையும் கொல்கிறது. குறைந்த அளவில் நாற்றமாக உணரப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடுகிறது. ஆபத்து கூடியிருப்பதை அறிவதற்குள் மூச்சு நின்றுவிடும். முதலாமவர் மயங்கி விழுந்ததும் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து இறப்பது இதனால்தான். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. பாதுகாப்புக் கருவிகள் இன்றி எவரையும் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று அது விதிக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட் ராடிங் வண்டிகளும் கசடு உறிஞ்சும் வண்டிகளும் வந்தபின் ஆள் இறங்கும் தேவை பெரிதும் குறைந்திருக்கிறது என்பது உண்மை. எனினும் அந்தப் பெரிய வண்டிகள் நுழைய முடியாத சந்துகள் வடசென்னையில் ஏராளம். குறுகிய சந்துக்கு ஏற்ற சிறிய இயந்திரம் வாங்குவதும், அடைப்பே ஏற்படாத சரிவில் குழாயை மாற்றிப் பதிப்பதும் பொறியாளரின் வேலை மட்டுமல்ல; ஒரு சமூகத்தினரின் தலையிலேயே இந்த வேலையைக் காலங்காலமாகச் சுமத்திவந்த அநீதியை முடிவுக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கியிருக்கிறது.

இவ்வளவையும் கடந்து கொடுங்கையூருக்கு வந்து சேரும் நீர் என்ன ஆகிறது? முதலில் இரும்புக் கம்பிச் சட்டங்களில் துணியும் பிளாஸ்டிக்கும் தடுக்கப்படுகின்றன. அடுத்து மணல் படிவதற்கான தொட்டி. பிறகு முதல்நிலைப் படிவுத் தொட்டியில் நீர் சில மணி நேரம் அசையாமல் நிற்க, கனமான கழிவு அடியில் தங்குகிறது. அங்கிருந்து காற்றூட்டத் தொட்டிக்குப் போகிறது. உண்மையான சுத்திகரிப்பு நடப்பது இங்கேதான். தொட்டி முழுவதும் பழுப்பு நிறத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் மிதக்கின்றன. அவற்றுக்கு ஓயாமல் காற்று செலுத்தப்படுகிறது. அவை நீரில் கரைந்துள்ள அழுக்கை உண்டு பெருகுகின்றன. அடுத்த படிவுத் தொட்டியில் அவை திரளாகச் சேர்ந்து அடியில் இறங்க, மேலே தெளிந்த நீர் வழிகிறது. இறங்கிய திரளில் ஒரு பகுதியை மறுபடி காற்றூட்டத் தொட்டிக்கே அனுப்புவார்கள், தயிருக்கு உறை ஊற்றுவது போல. நேற்றைய நுண்ணுயிர்களே இன்றைய நீரையும் சுத்தம் செய்யும். மிஞ்சிய திரளும் முதல்நிலைக் கசடும் சேர்ந்து, காற்றுப் புகாத பெரிய செரிப்புக் கலன்களுக்குள் போகின்றன. அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் அவற்றைச் செரித்து மீத்தேன் மிகுந்த வாயுவை வெளியிடுகின்றன. குளிர்நாடுகளில் இந்தக் கலன்களுக்குச் சூடேற்றியாக வேண்டும். சென்னையின் வெயில் அந்தச் செலவைப் பெருமளவு மிச்சப்படுத்திவிடுகிறது. சென்னை ஆறுகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் இருபதாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட நான்கு நிலையங்களிலும், அவற்றில் மிகப் பெரியதான கொடுங்கையூரின் 11 கோடி லிட்டர் நிலையத்திலும், இந்த வாயுவை எரித்து நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் கணிசமான பங்கை எடுக்கும் ஏற்பாடு தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. இது பாராட்டுக்குரிய வடிவமைப்பு. தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவாக இருப்பது வருத்தம் தருகிறது.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய உதவும் முதன்மையான அளவுகோல் பி.ஓ.டி. நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் உண்டு முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதை அது காட்டுகிறது. மேலைநாடுகளில் 20 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். இந்தியாவில் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப 27 டிகிரியில் மூன்று நாள். வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும் இந்த அளவு, சுத்திகரித்தபின் பெருநகரங்களில் 20 மில்லிகிராமுக்குள் அடங்க வேண்டும் என்று 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. சரியாக இயங்கும் நிலையம் இந்த அளவை எட்டுவது அரிதன்று. ஆனால் பி.ஓ.டி. குறைந்துவிட்டாலே நீர் எல்லாவற்றுக்கும் உகந்ததாகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. நுண்ணுயிர்கள் உப்பைத் தின்பதில்லை. அம்மோனியாவும் பாஸ்பேட்டும் ஓரளவு மிஞ்சும். கரைந்துள்ள உப்பு அப்படியே இருக்கும். கடலோரத்துப் பழைய குழாய்களின் விரிசல்களில் உவர்ந்த நிலத்தடி நீர் கசிந்து கலந்தால், அந்த உப்பு இன்னும் கூடும்.

இந்த உப்பை நீக்கும் பணியைச் சென்னை ஏன் மேற்கொண்டது என்பதற்கு மணலியின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1960களின் இறுதியில் தொடங்கி, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகளும் வரிசையாக எழுந்தன. அவற்றுக்கு நீர் ஏராளமாக வேண்டும். குளிர்விக்கும் கோபுரங்களில் ஆவியாகிப் போகும் நீரை நாள்தோறும் ஈடுசெய்தாக வேண்டும். அந்த நீர் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் வளமாக்கிய மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்பட்டது. உழவர்களும் அதே நிலத்தடி நீரை இறைத்தார்கள், நகரமும் குடிநீருக்கு இறைத்தது. எடுப்பது ஊறுவதை விஞ்சியதும், கடல்நீர் நிலத்தடியில் மெல்ல உள்ளே புகுந்து மீஞ்சூர் வட்டாரத்தில் பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கிணறுகளை உவராக்கிவிட்டது. 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். ஒருமுறை உப்பேறிய நிலத்தடி நீர்ப்படுகை மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். சில வேளை மீளாமலே போகும்.

வேறு வழியற்ற அந்த நெருக்கடியில்தான் மணலியின் பெரிய ஆலைகள் 1990களின் தொடக்கத்தில் ஒரு துணிவான முடிவை எடுத்தன. கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீரை மெட்ரோவாட்டரிடம் விலைகொடுத்து வாங்கி, தங்கள் வளாகத்தில் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில், அதாவது இன்று வீடுகளில் ஆர்.ஓ. என்று வழங்கும் அதே முறையில், உப்பை நீக்கிப் பயன்படுத்தத் தொடங்கின. சிங்கப்பூர் தன் மறுசுழற்சி நீரை 2003இல் உலகறிய அறிமுகப்படுத்துவதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன்பே இது வடசென்னையில் நடந்தது. சிங்கப்பூரைப் பற்றி நம் ஊரில் தெரிந்த அளவுக்கு மணலியைப் பற்றித் தெரியவில்லை.

2019இல் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வற்றி, சென்னை உலகச் செய்தியானது. அந்த ஆண்டிலேயே மெட்ரோவாட்டர் தானே நடத்தும் மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இயங்கத் தொடங்கின; ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீர் தரும் திறன் கொண்டது. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. கொடுங்கையூரின் நீர் மணலி, எண்ணூர் பகுதித் தொழிற்சாலைகளுக்கு. இங்கே நீர் மணல் வடிகட்டிகளைக் கடந்து, மயிரிழையினும் நுண்ணிய துளைகள் கொண்ட இழைக் குழல்களில் வடிகட்டப்பட்டு, பிறகு உயர் அழுத்தத்தில் ஆர்.ஓ. சவ்வுகளின் ஊடே தள்ளப்படுகிறது. உள்ளே போகும் நீரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தூய நீராக வெளிவருகிறது. மிஞ்சிய பங்கில் உப்பு முழுவதும் செறிந்து நிற்கிறது. அந்தச் செறிநீரை எங்கே, எப்படி விடுவது என்பது இம்முறை எல்லா ஊர்களிலும் எதிர்கொள்ளும் கேள்வி. இதைப் பெருமிதப் பேச்சில் மறைத்துவிடாமல் வெளிப்படையாக விவாதிக்க வேண்டும்.

ஆலைகள் இந்த நீரை எடுத்துக்கொள்வதால் மிச்சமாகும் நன்னீரின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் கொள்ளும் அளவு. அதன்படி 4.5 கோடி லிட்டர் என்பது மூன்று லட்சத்து முப்பதாயிரம் பேருக்குப் போதுமான நீர். கொடுங்கையூரின் நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு வாழ்பவர்களும், குடங்களை வரிசையில் வைத்து லாரி நீருக்குக் காத்திருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்து மக்கள். மிச்சமான நன்னீர் முதலில் அவர்கள் வீட்டுக் குழாயில் வர வேண்டும் என்று கேட்பது சலுகை ஆகாது. மாநகரின் பெரிய குப்பைக்கிடங்கையும் கழிவுநீர் நிலையத்தையும் அருகருகே ஒரே பகுதி மக்களின் தலைமாட்டில் வைத்த முடிவு அவர்களைக் கேட்டு எடுக்கப்பட்டதன்று.

இனி, கால்வாய்களுக்கு வருவோம். கொடுங்கையூரில் எத்தனை கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் திறன் இருந்தாலும், அங்கே வந்து சேராத நீரை அது ஒன்றும் செய்ய முடியாது. நீர் வந்து சேராமல் போகும் வழிகள் பல. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் வீட்டுக் கழிவுநீர் நேராக மழைநீர் வடிகாலில் விடப்படுகிறது. சாக்கடை இருக்கும் தெருவிலும் இணைப்புக் கட்டணத்துக்கும் வீட்டுக்குள் குழாய் மாற்றும் செலவுக்கும் அஞ்சிப் பலர் இணைப்பு வாங்காமல் இருக்கிறார்கள். கால்வாய்க் கரையோரக் குடியிருப்புகளின் தரைமட்டம் சாக்கடைக் குழாயைவிடத் தாழ்ந்திருப்பதால் இணைக்கவே முடியாத நிலையும் உண்டு. உந்து நிலையம் நின்றுபோகும்போது தெருவில் நீர் பெருகாமல் தடுக்க, நிரம்பிய குழாயிலிருந்து வடிகாலுக்குத் திருப்பிவிடுவதும் நடக்கிறது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் அதனுள் வந்தன. வரி விதிப்பு உடனே ஒன்றாகிவிட்டது. சாக்கடைக் குழாய் பதிக்கும் பணியோ அதன்பின் பல ஆண்டுகளுக்கு இழுத்துக்கொண்டே போனது.

இப்படித் தன்னில் வந்து சேரும் கழிவுநீரைக் கால்வாய் அடித்துக்கொண்டு போய்விடாதா என்று கேட்கலாம். ஆறு என்றால் ஓரளவு போகும். பக்கிங்ஹாம் கால்வாய் ஆறன்று. 1801க்கும் 1806க்கும் இடையில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது அதன் முதல் பகுதி. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாக அது விரிவாக்கப்பட்டு, அன்றைய ஆளுநரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. படகு ஓட வேண்டிய கால்வாய் சமமட்டமாகவே வெட்டப்படும். சரிவு இருந்தால் படகை எதிர்த்திசையில் இழுக்க முடியாது. படகுக்கு வசதியாக இருந்த அதே சமமட்டம் இன்று சாக்கடை நகராமல் நிற்பதற்குக் காரணமாகிறது. எண்ணூர் முகத்துவாரம் மணல் மூடாமல் திறந்திருக்கும்போது கடலின் ஏற்றவற்றம் ஓரளவு நீரைப் புரட்டும். அப்படிப் புரண்டு வெளியேறும் அழுக்கு கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழும் மீனவர்களின் வலையில்தான் போய்ச் சேர்கிறது.

குழாய் போய்ச் சேராத இடங்களுக்குக் குழாய் மட்டுமே விடை என்று நினைக்கத் தேவையில்லை. இதற்கு ஒரு சிறிய உள்நாட்டு ஊரிடமிருந்து சென்னை கற்றுக்கொள்ள முடியும். செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகளின் செப்டிக் டேங்குகளில் சேரும் கசடை லாரிகள் கொண்டுவந்து ஊற்றுகின்றன. மணற்படுகைகளில் அது உலர்கிறது. வடியும் நீர் செடிகள் நட்ட சரளைப் படுகை உள்ளிட்ட எளிய அமைப்புகளின் வழியே தெளிகிறது. பெரிய மோட்டார்கள் இல்லை. மின்செலவு மிகக் குறைவு. செப்டிக் கசடை எப்படிக் கையாள்வது என்று 2014இல் மாநில அரசு வெளியிட்ட நெறிமுறைகளின் தொடர்ச்சி அது. செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் சென்னையின் வடக்கு விளிம்புப் பகுதிகளில் குழாய் வரும்வரை லாரிகள் எங்கே ஊற்றுகின்றன என்பதைக் கண்காணித்து, அவை கால்வாயை நாடாமல் உந்து நிலையத்தையோ சுத்திகரிப்பு நிலையத்தையோ நாடும்படி செய்வது, புதிய கட்டடம் எதுவும் இன்றி உடனே செய்யக்கூடிய வேலை. அதற்கு உரிமம், பதிவேடு, அருகிலேயே ஊற்ற ஓர் இடம், நியாயமான கட்டணம் ஆகியவை போதும். தொலைவு அதிகமானால் டீசல் செலவுக்கு அஞ்சும் ஓட்டுநர் பக்கத்துக் கால்வாயைத் தேடுவார் என்பது எவரும் ஊகிக்கக்கூடியதே.

மழைக்காலத்தில், நீர் நிலையத்துக்கு வந்து சேராததற்கு நேர்மாறான சிக்கல். தெருவில் நீர் தேங்கியதும் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறார்கள். மொட்டை மாடிக் குழாய்களைச் சாக்கடையில் இணைத்திருக்கும் வீடுகளும் உண்டு. வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு நீர் திடீரென நிலையத்துக்குள் புகுந்தால், மாதக்கணக்கில் வளர்த்த நுண்ணுயிர்த் திரள் அடித்துச் செல்லப்படும் அபாயம் உண்டு. அதை மறுபடி வளர்த்தெடுக்க நாள்கள் ஆகும். அதுவரை நிலையத்திலிருந்து வெளியேறுவது அரைகுறையாகச் சுத்தமான நீர்தான். மழைநீர் வடிகாலும் சாக்கடையும் தனித்தனியே இருக்க வேண்டும் என்ற கொள்கையை இரு திசைகளிலும் மீறுகிறோம். கோடையில் சாக்கடை வடிகாலுக்குள் போகிறது, ஐப்பசி கார்த்திகையில் மழைநீர் சாக்கடைக்குள் போகிறது.

கொள்ளளவு எத்தனை கோடி லிட்டர் என்ற எண்ணை மட்டும் ஆண்டுதோறும் அறிவிப்பது இந்த நிலையை மறைக்கத்தான் உதவும். ஓட்டேரி நல்லா பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கும் இடத்திலும், கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர்க் கால்வாய் ஆகியவற்றின் முடிவிலும், மழையற்ற மாதங்களில் ஓடும் நீரின் அளவையும் பி.ஓ.டி.யையும் அளந்து, வார்டு வாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மழை இல்லாத நாளில் அந்த இடங்களில் ஓடுவது அனைத்தும் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டிய நீர் என்பதால், அளவு குறைந்தால் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். குறையவில்லை என்றால், கால்வாயின் போக்கில் மேல்நோக்கி நடந்து எந்த வடிகால் வழியே வருகிறது என்று தேட வேண்டும். வீட்டு இணைப்புகளுக்குத் தவணையில் கட்டணம் வாங்கும் ‘இல்லந்தோறும் இணைப்பு’ போன்ற திட்டத்தை, இப்படிக் கண்டறிந்த தெருக்களுக்கு முதலில் கொண்டுபோக வேண்டும்; தவணையும் கட்ட இயலாத குடும்பங்களுக்கு வாரியமே தன் செலவில் இணைத்துக் கொடுக்கலாம். அவ்வாறு இணைக்கப்படும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும் நீர், மணலி ஆலைகளுக்கு விற்கக்கூடிய நீராகக் கொடுங்கையூரில் வந்து சேரும். இணைப்புக்கான செலவில் ஒரு பங்கை அந்த வருவாயிலிருந்தே ஈடுகட்ட முடியும்.